பந்து எங்கே இருக்கு சார்?

என் அலுவலக நண்பன் ஒருவனுக்குப் பார்வை கிடையாது. பத்தொன்பது வயது வரை இருந்தது. விழித்திரை நோயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. நாங்கள் எழுதும் மென்பொருளை ஸ்க்ரீன் ரீடர் ஒழுங்காகப் படிக்கிறதா என்று சோதிப்பது அவன் வேலை. ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டுவிட்டால் நேராக என் இருக்கைக்கே வந்து, "பேரில்லாத பட்டனை அமுக்கினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும், எனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்பான். பள்ளி அணியில் ரைட் பேக் ஆடியவன். ஞாயிறு இரவுகளில் பிரீமியர் லீக் பார்க்க என் வீட்டுக்கு வருவான். பார்க்க வருகிறேன் என்றுதான் அவனே சொல்வான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

போன வருடம் அப்படி ஒரு ஞாயிறு. எந்த ஆட்டம், எந்த ஆப் என்பதெல்லாம் வேண்டாம். தமிழ் வர்ணனையைப் போட்டோம். இரண்டு பேர். குரல் நன்றாகத்தான் இருந்தது, உற்சாகத்துக்கும் குறைவில்லை. ஒரு வீரரை என்ன விலைக்கு வாங்கினார்கள், கோச் எப்படி முறைக்கிறார், இந்த அணியின் நிலைமை எந்தப் படத்து எந்தக் காட்சி மாதிரி, நடுவில் ஒரு விளம்பர வாசகம், பிறகு மறுபடியும் விலை. நண்பன் என் முழங்கையைத் தட்டினான். "பந்து எங்கடா இருக்கு?" வலது பக்கம், நடுக்கோட்டுக்கிட்ட என்றேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் தட்டினான். இடைவேளைக்குள் என் முழங்கை சிவந்துவிட்டது.

இரண்டாம் பாதிக்கு ஆங்கிலத்துக்கு மாற்றினோம். குரல் இன்னும் கம்பீரம், புள்ளிவிவரம் இன்னும் துல்லியம். இந்த அணி இந்த மைதானத்தில் கடைசியாக எப்போது ஜெயித்தது, அன்று கோல் போட்டவர் இப்போது எந்த அணிக்குக் கோச், அவருடைய மகன் எங்கே ஆடுகிறான். எல்லாம் தெரிந்தது, பந்து மட்டும் தெரியவில்லை. நண்பன் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுறாங்க. ஆட்டம் எப்போ ஆரம்பிக்கும்?" என்றான்.

அன்று சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, பதினைந்து வருடமாக நானும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. எனக்குக் கண் இருந்ததால் கேட்காமலே சமாளித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தத் தொழில் தொடங்கியது எப்படி என்று பாருங்கள். 1927 ஜனவரி 15, லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானம், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ரக்பி. பிபிசி முதன்முறையாக ஒரு விளையாட்டை நேரடியாக வர்ணிக்கிறது. மைக் முன்னால் டெடி வேக்லாம், முன்னாள் ரக்பி வீரர். இதற்கு முன் அந்த நாட்டில் யாரும் செய்யாத வேலை என்பதால் எப்படிப் பேசுவதென்று அவருக்குச் சொல்லித்தர ஆளில்லை. தயாரிப்பாளர் ஒரு காரியம் செய்தார். பார்வையிழந்தவர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து அங்கே உட்காரவைத்தார். இவருக்கு ஆட்டத்தை விளக்குங்கள், மற்றவர்களும் கேட்டுக்கொள்வார்கள். பயிற்சி என்றால் இதுதான். கூடவே கெட்ட வார்த்தை பேசாதீர்கள் என்று ஒரு அட்டை.

அடுத்த சனிக்கிழமை, ஜனவரி 22, ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் மோதிய கால்பந்தாட்டம். அதே வேக்லாம். இந்த முறை ரேடியோ டைம்ஸ் பத்திரிகை மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, எண் போட்டு, படமாகவே அச்சிட்டிருந்தது. வேக்லாம் ஆட்டத்தைச் சொல்லச்சொல்ல, பக்கத்தில் இன்னொருவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த இரண்டாமவரின் ஒரே வேலை, பந்து எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது. இப்போதும் வர்ணனைப் பெட்டியில் இரண்டு பேர்தான், சில சமயம் மூன்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லை.

டிவியில்தான் பந்து தெரிகிறதே, அதையும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பந்தைச் சொல்லாமல் மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன செய்கிறார்கள்? திரையில் தெரியாததைச் சொல்கிறார்களா? கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும்போது இடது விங்கர் ஏன் நடுவே வந்து நிற்கிறான், அவனைப் பிடிக்கவேண்டிய ஆள் ஏன் குழம்புகிறான், கோல்கீப்பர் எவ்வளவு முன்னால் ஏறி நிற்கிறார், இதெல்லாம் மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும், ஆறு அங்குல மொபைலில் பார்க்கும் எனக்குத் தெரியாது. அதைச் சொன்னால் காலில் விழுந்து கும்பிடுவேன். சொல்ல மாட்டார்கள். பல நேரம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் வர்ணனையாளரே மைதானத்தில் இல்லை. வேறொரு ஊரின் ஸ்டுடியோவில் நான் பார்க்கும் அதே படத்தைக் கொஞ்சம் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்னாள் வீரர் என்று கூட உட்காரவைத்தவர் என்ன சொல்கிறார்? கோல் வாய்ப்பைத் தவறவிட்டவனைப் பார்த்து, "அவருக்கே இது ஏமாற்றமாக இருக்கும்." இருக்காதா பின்னே? இதைச் சொல்ல முந்நூறு ஆட்டம் ஆடியிருக்க வேண்டுமா?

இதுவரை சொன்னதை நீங்கள் தலையாட்டிக் கேட்டிருப்பீர்கள். இனி சொல்வதற்குச் சண்டைக்கு வருவீர்கள்.

இலக்கியம் படிக்கிற நமக்கு ஒரு பலவீனம் உண்டு. பீட்டர் ட்ரூரி. அவருடைய கிளிப்புகளை நானும் பகிர்ந்திருக்கிறேன். 2010 ஜூன் 11, ஜோகனஸ்பர்க், உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், ஷபலாலா இடது காலால் மேல்மூலைக்கு அடித்த கோல். இது தென்னாப்பிரிக்காவின் கோல், ஆப்பிரிக்கா முழுமைக்குமான கோல் என்று ட்ரூரி குரல் எழுப்பியபோது எனக்கும் சிலிர்த்தது. அது உண்மை. அந்தக் கண்டத்தில் நடந்த முதல் உலகக் கோப்பையின் முதல் கோல் அது. வார்த்தை அந்த நிகழ்வின் அளவுக்குச் சரியாக இருந்தது.

பிறகு 2018 ஏப்ரல் 10. முதல் சுற்றில் 4-1 என்று தோற்ற ரோமா, பார்சிலோனாவை ரோமில் 3-0 என்று கவிழ்த்த இரவு. மனோலாஸ் கிரேக்கர், ஆகவே ரோமில் எழுந்த கிரேக்கக் கடவுள், இடிபாடுகளிலிருந்து எழுந்த ரோமா. கிளிப் கோடிக்கணக்கான கைபேசிகளில் சுற்றியது, இன்னும் சுற்றுகிறது. அதை நூறு முறை கேட்ட நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தக் கார்னரை எடுத்தது யார்? மனோலாஸ் எந்தக் கம்பத்தருகே வந்து தலையால் தட்டினார்? நான் ஐந்து பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கடவுள் நினைவில் இருக்கிறார், கோல் இல்லை.

ட்ரூரி திறமைசாலி, அவரைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. அவரைப் பார்த்து மற்ற எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம். முப்பது நொடிக்கு வெட்டி எடுக்கத் தோதான வாக்கியம் ஒன்று வேண்டும், ஆட்டம் என்பது அந்த வாக்கியத்துக்குப் பின்னணிக் காட்சி. இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் எட்டாம் நிமிடத்து த்ரோ-இன்னுக்கே விதி, வரலாறு, காலம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நடுநிலை அணிகள் இரண்டு மழையில் 0-0 ஆடும்போதும் காவியம். கவிதை எழுதிப் பழகிய எவரையும் கேளுங்கள், இது கவிதையே இல்லை என்பார்கள். பொருளைப் பார்க்காமல் உவமையைத் தேடுகிறவனை நம் வகுப்புத் தமிழய்யாவே கண்டித்திருப்பார்.

காலத்தை வென்று நிற்கும் வர்ணனைகளைத் திரும்பக் கேளுங்கள். 1966 உலகக் கோப்பை இறுதி, வெம்ப்ளி. கென்னத் வொல்ஸ்டன்ஹோமின் வரி இங்கிலாந்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவர் சொன்னது என்ன? மைதானத்துக்குள் சிலர் இறங்கிவிட்டார்கள், எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். நிஜமாகவே இறங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஹர்ஸ்ட் அடித்துவிட்டார், இப்போது முடிந்துவிட்டது. அவ்வளவுதான். கண்ணெதிரே நடந்ததைத் தவிர அதில் எதுவும் இல்லை.

1986 ஜூன் 22, மெக்சிகோவின் ஆஸ்டெகா. இங்கிலாந்துக்கு எதிரான மரடோனாவின் இரண்டாவது கோலை அர்ஜென்டினா வானொலிக்குச் சொன்ன விக்டர் ஹியூகோ மொராலெஸ் உலகத்திலேயே உணர்ச்சிவசப்பட்ட வர்ணனையாளர் என்று பெயர் வாங்கியவர். அழுகிறார், கடவுளுக்கு நன்றி சொல்கிறார், பிரபஞ்சப் பட்டமே நீ எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய் என்று கேட்கிறார். எல்லோரும் அந்த இடத்தைத்தான் பகிர்வார்கள். அதற்கு முந்தைய பத்து நொடியைக் கேளுங்கள். மரடோனாவிடம் பந்து, இரண்டு பேர் மறிக்கிறார்கள், பந்தை மிதிக்கிறார், வலப்பக்கமாகக் கிளம்புகிறார், புருச்சாகாவுக்குக் கொடுக்கப்போகிறார், இல்லை, இன்னும் மரடோனாதான். பியூனஸ் ஐரிஸில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவன் அந்த ஓட்டத்தைத் தன் தலைக்குள் ஓடிப் பார்த்திருப்பான். அழுது முடித்ததும் மொராலெஸ் மறக்காமல் ஸ்கோரைச் சொல்கிறார். அர்ஜென்டினா 2, இங்கிலாந்து 0. வேலையை முடித்துவிட்டு அழுத மனிதர் அவர். நம்மவர்கள் அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2012 மே 13, மான்செஸ்டர் சிட்டியின் கடைசி ஆட்டத்தில் மார்ட்டின் டைலர் சொன்னதும் அப்படித்தான். பலொட்டெல்லி என்றார், பந்து அங்கேதான் இருந்தது. பிறகு ஒரு பெயரை மட்டும் நீட்டி அலறினார், அகுவேரோ. அதற்குப் பிறகு சில நொடிகள் மைதானத்தைப் பேசவிட்டுவிட்டார். வாயை மூடிக்கொள்வது இந்தத் தொழிலின் பாதித் திறமை. இன்று அந்தச் சில நொடிகளை யாராவது விடுவார்களா? விட்டால் ஸ்ட்ரீம் கட்டாகிவிட்டது என்று நாமே ரிஃப்ரெஷ் பண்ணுவோம்!

தமிழ் வர்ணனைக்கு வருகிறேன். 2022 உலகக் கோப்பையைத் தமிழிலும் கேட்க முடிந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம். அதனால்தான் இவ்வளவு கோபம். நம்முடைய சிக்கலின் வேர் கிரிக்கெட்டில் இருக்கிறது. தமிழில் நேர்முக வர்ணனை என்ற கலையை வளர்த்தது ஆகாசவாணியின் கிரிக்கெட் ஒலிபரப்பு. அப்துல் ஜப்பாரின் தமிழைப் பற்றி என் அப்பா இன்றும் பேசுவார். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்துவீச்சாளர் திரும்பி நடக்கும் அரை நிமிடம் இருக்கிறது. கதை சொல்லலாம், தேநீர் குடிக்கலாம், குறளே சொல்லலாம். கால்பந்தில் அந்த அரை நிமிடம் கிடையாது. கதை சொல்ல ஆரம்பித்தால் அதன் முடிவுக்கு முன் பந்து மூன்று பேர் காலுக்குப் போய்த் திரும்பியிருக்கும். கிரிக்கெட் சட்டையை அப்படியே கழற்றிக் கால்பந்துக்கு மாட்டிவிட்டோம்.

தமிழில் கால்பந்தைச் சொல்ல முடியாது, வார்த்தை நீளம் என்று ஒரு சாக்கும் உண்டு. பொய். 2022 இறுதியாட்டத்தின் 36ஆம் நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், டி மரியா அடித்த கோல். "மாக் அலிஸ்டர், மெஸ்ஸிக்கு. நடுக்கோட்டருகே மெஸ்ஸி, ஒரே தட்டு, வலது ஓரம் அல்வாரெஸ். நிறுத்தாமல் முன்னால் தள்ளுகிறார், மாக் அலிஸ்டர் ஓடுகிறார், இடப்பக்கம் டி மரியா தனியாக வருகிறார், குறுக்கே கொடுத்துவிட்டார், டி மரியா, கோல்!" சொல்லிப் பாருங்கள். மூச்சு பத்தும். வினையெச்சமும் வேற்றுமை உருபும் உள்ள மொழி இது. "மெஸ்ஸிக்கு" என்ற ஒரே சொல்லில் பந்து போகும் திசையே வந்துவிடுகிறது. "பந்தைத் தற்போது அவர் தன்வசம் வைத்திருக்கக்கூடிய ஒரு சூழ்நிலையில்" என்று ஆரம்பித்தால்தான் மூச்சு முட்டும். கடலோரக் குமரி ஊர்களிலும் வியாசர்பாடியிலும் டோர்னமென்ட் நாளில் மைக் பிடிக்கும் அண்ணன்களுக்கு இந்தச் சாக்கு தேவைப்படுவதில்லை. பக்கத்து மலையாளத்தில் ஷைஜு தாமோதரன் மாதிரி ஒருவரை ஊரே கொண்டாடுகிறது.

என்ன சொல்கிறார்கள் என்பதில் இன்னொரு விஷமும் கலந்திருக்கிறது. 2020இல் ரன்ரிப்பீட் என்ற நிறுவனம் இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து நான்கு ஐரோப்பிய லீகுகளின் 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையை எழுத்தாக்கி எண்ணிப் பார்த்தது. வீரரின் உடல்வலிமையைப் பற்றிய பேச்சு, தோல் கறுப்பாக இருந்தால் ஆறரை மடங்கு அதிகம். புத்திசாலித்தனத்துக்கான பாராட்டில் 60 சதவீதத்துக்கு மேல் வெளிர்நிறத் தோல் கொண்டவர்களுக்கு. பந்து எங்கே என்று சொல்வதை விட்டுவிட்டு ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாயில் வருவது இதுதான், உள்ளே ஊறிக் கிடப்பது. தமிழில் யாராவது இப்படி எண்ணினால் என்ன வரும் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. கறுப்பு வீரர் என்றதும் "சிறுத்தை", "எந்திரம்" என்று நம் காதில் விழாத நாள் உண்டா?

ரசிகர்களும் யோக்கியர்கள் இல்லை. ஒரே ஆட்டத்தின் ஒரே வர்ணனையாளரை ஆர்சனல்காரன் டாட்டன்ஹாம் கைக்கூலி என்பான், டாட்டன்ஹாம்காரன் ஆர்சனல் அடிமை என்பான். நான் ஆர்சனல், எனக்கும் அப்படித் தோன்றிய நாட்கள் உண்டு. 2007இல் பிபிசியின் மேட்ச் ஆஃப் த டே நிகழ்ச்சிக்கு ஜாக்கி ஓட்லி முதல் பெண் வர்ணனையாளராக வருகிறார் என்றதும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. இன்றும் பெண் குரல் கேட்டதும் "தரம் போச்சு" என்று எழுதுகிறவர்கள் என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம். அவர்களுடைய புகார் வேறு, என்னுடையது வேறு.

"பிடிக்கலைன்னா மியூட் பண்ணிக்கோ" என்பார்கள். மியூட் பண்ணினால் வர்ணனையோடு மைதானமும் செத்துப்போகிறது. 2020 மே மாதம் ஜெர்மனியில் காலி மைதானத்தில் ஆட்டங்கள் திரும்பவும் தொடங்கியபோது தெரிந்ததே, கூட்டத்தின் சத்தம் இல்லாமல் அது எவ்வளவு வெறுமை என்று. பிறகு இங்கிலாந்தின் ஸ்கை நிறுவனம் வீடியோ கேம் கம்பெனியிடமிருந்து சத்தத்தை வாங்கி ஒட்டவே செய்தது. ஒரு பொறியாளனாக எனக்கு எரிச்சலூட்டுவது இந்த இடம்தான். மைதானத்தின் சத்தம் வர்ணனை கலக்காமல் தனி ஒலித்தடமாகத்தான் ஒளிபரப்பாளர்களுக்கு வருகிறது, ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் குரலை அதன்மேல் ஏற்றுகிறார்கள். அந்தத் தடத்தைத் தனியாகவும் கொடுத்துவிட்டால் போதும். 128 கிலோபிட்டில் தொண்ணூறு நிமிடத்துக்கு ஏறக்குறைய 86 எம்பி. அதே ஆட்டத்தின் ஐந்து மெகாபிட் வீடியோவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். மொழி மாற்றும் பட்டன் ஏற்கெனவே இருக்கிறது, அதில் இன்னொரு வரி: "மைதானம் மட்டும்". 2013இலேயே பிபிசியின் ஆய்வுப் பிரிவு ஒரு வெம்ப்ளி ஆட்டத்தில் கூட்டத்தின் சத்தத்தையும் வர்ணனையையும் கேட்பவரே கூட்டிக் குறைக்கும்படி சோதனை செய்து காட்டியது. ஆப்பில் சூதாட்ட விளம்பரத்தை எந்த நொடியில் காட்டுவதென்று மெஷின் லேர்னிங் போடுகிறவர்களுக்கு இது ஒரு வார வேலை. நானே செய்து தருகிறேன்.

அதில் மூன்றாவது வரியும் வேண்டும். 2022 கத்தார் உலகக் கோப்பையில் பார்வையற்றவர்களுக்கான விவரிப்பு வர்ணனை அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஐரோப்பாவின் பல மைதானங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஹெட்செட் வழியே இதைச் செய்கிறார்கள். பந்து இருக்கும் இடம், போகும் திசை, உயரம், கூட்டம் ஏன் சத்தம் போடுகிறது, எல்லாம் சொல்வார்கள். நண்பனுக்கு அதில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் என் முழங்கைக்கு ஓய்வு.

அடுத்த ஞாயிறு நானே வர்ணிக்கிறேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். மியூட் பண்ணிவிட்டு ஆரம்பித்தேன். மூன்று நிமிடத்தில் நாக்கு வறண்டுவிட்டது. எதிரணியின் லெஃப்ட் பேக் பேர் தெரியவில்லை. "இடது பக்கம்" என்றேன், "யாருக்கு இடது?" என்றான். "நல்ல பாஸ்" என்றேன், "எங்கேயிருந்து எங்கே?" என்றான். பத்தாவது நிமிடம் நான் ஒரு வீரரின் விலையைச் சொல்லிக்கொண்டிருப்பதை நானே கவனித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான்.

இடைவேளையில் அவனிடம் 1927 கதையைச் சொன்னேன். அமேசான் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, தீக்குச்சிகளை ஒட்டி எட்டுக் கட்டம் செய்தோம். ஒன்று, இரண்டு நம்ம கோல் பக்கம். ஏழு, எட்டு அவங்க பக்கம். இரட்டைப் படை எல்லாம் டிவிக்கு நேரே நம்ம பக்கத்து ஓரம். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு விரலை நடுவில் வைத்தான். இரண்டாம் பாதி தொடங்கியது.

"நாலு. நாலு. மூணு. சாக்கா. அஞ்சு. திரும்பவும் மூணு."

அவன் விரல் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஸ்ட்ரீம் அரை நிமிடம் பின்னால் ஓடுகிறது, பக்கத்து வீட்டில் டிஷ் ஆன்டெனா. நான் "அஞ்சு" என்று சொன்னபோது சுவருக்கு அந்தப் பக்கம் கத்தினார்கள். கோல் வரப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"சொல்லாத, சொல்லாத. எந்தக் கட்டம்னு மட்டும் சொல்லு" என்றான்.

"ஆறு," என்றேன். "இன்னும் ஆறு. எட்டு."